உப்பும் கரியும் தண்ணீரும்

எங்கள் பழைய வீட்டின் கொல்லைப்புறத்தில், கிணற்றடிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, செங்கல்லால் சதுரமாகக் கட்டி மேலே சிமெண்டுப் பலகை போட்டு மூடிய சிறு குழி ஒன்று இருந்தது. சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், துளசி மாடத்துக்குத் தண்ணீர் போயிற்றோ இல்லையோ, வாரத்துக்கு இரண்டு வாளி அந்தக் குழிக்குப் போய்விடும். என் தகப்பனார் அதை ஒரு விரதம் போலவே அனுஷ்டித்து வந்தார். அங்கே செடியும் கிடையாது, கொடியும் கிடையாது. எதற்காக ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால், "எர்த்துக்குடா" என்பார். எர்த் என்றால் என்ன என்று கேட்டால், "பூமி" என்பார். அதற்கு மேல் கேட்டால், பள்ளிக்கூடப் பாடத்தைப் படித்தாயிற்றா என்று பேச்சைத் திருப்பிவிடுவார்.

ஒரு வருஷம் ஒயர்மேன் வந்து அந்தக் குழியைப் புதுப்பித்தார். நடுவில் நாகம் பூசிய இரும்புக் குழாய் ஒன்றை நட்டு, அதைச் சுற்றி ஒரு வரிசை கல்லுப்பு, அதன்மேல் ஒரு வரிசை அடுப்புக்கரி, மறுபடி உப்பு, மறுபடி கரி என்று, ஆவக்காய் ஜாடியை நிரப்புகிறவர் போல அவர் நிதானமாக நிரப்பிக்கொண்டு வந்ததைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சமையற்கட்டுச் சாமான்களுக்கும் மின்சாரத்துக்கும் என்ன பந்துத்துவம் என்ற சந்தேகம் அன்று எனக்கு எழுந்தது. எழுந்த சந்தேகம் வெகுகாலம் அப்படியே கிடந்து, சென்ற கோடை விடுமுறையில், என் தமக்கையின் பேத்தி, எட்டாம் வகுப்பு முடித்தவள், பள்ளிக்கூடத்தில் கொடுத்த செய்முறை வேலையோடு வந்து என் எதிரே உட்கார்ந்த பிறகுதான் மறுபடி தலையெடுத்தது. வீட்டிலுள்ள பொருள்களில் மின்சாரத்தைக் கடத்துபவை எவை, கடத்தாதவை எவை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிக்கொண்டு வரவேண்டுமாம். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். ஐந்து நாள் ஆயிற்று. இரண்டு பத்திகளும் கடைசிவரை ஒழுங்காக அமையவில்லை.

வேண்டிய உபகரணங்கள் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்குள் அடங்கிவிடும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற 1.5 வோல்ட் பென்சில் செல்கள் நான்கு, அவற்றை வரிசையாகப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கூடு, சிவப்பு எல்.ஈ.டி. விளக்கு ஒன்று, 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, நுனியில் கவ்வும் கிளிப் உள்ள ஒயர்கள் மூன்று. செல் கூடு, ரெசிஸ்டர், விளக்கு ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, ஓரிடத்தில் மட்டும் சுற்றை முறித்து விட்டுவிட்டால், அந்த முறிவின் இரு நுனிகளுமே நம் பரிசோதனைக் கருவி. அவற்றுக்கிடையே வைக்கிற பொருள் மின்சாரத்துக்கு வழிவிட்டால் விளக்கு எரியும், விடாவிட்டால் எரியாது. எல்.ஈ.டி. ஒருவழிப் பாதையாகையால் அதன் நீண்ட கால் செல்லின் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் விளக்கு கருகிப்போகும். நுனிகளை நேராகத் தொடவைத்தால் ஓடுவது 12 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான், அதுவே கண்ணைக் கூசவைக்கும் சிவப்பு.

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க ஆசைப்படும் குழந்தைகளுக்கும் அவர்களைக் காட்டிலும் அதிகமாக ஆசைப்படும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: நான்கு செல்லின் 6 வோல்ட்டைத் தாண்டி எதற்கும் போகவேண்டாம், சுவரிலுள்ள 230 வோல்ட் பிளக்கின் பக்கம் ஒரு கம்பி நுனியைக்கூடக் கொண்டுபோகக் கூடாது, செல்போன் பேட்டரியும் ஸ்கூட்டர் பேட்டரியும் இந்தக் காரியத்துக்கு ஆகா. பிளக் ஏன் ஆகாது என்பது பின்னால் தெரியவரும்.

முதல் நாள் உலோகங்களின் நாள். எவர்சில்வர் டம்ளர், பித்தளைக் குத்துவிளக்கு, செப்புச் சொம்பு, இரும்பு வாணலி, அலுமினியக் கரண்டி, பேத்தியின் வெள்ளிக் கொலுசு எல்லாவற்றிலும் விளக்கு ஒரே பிரகாசமாக எரிந்தது. "எல்லாம் சமம்தான் போலிருக்கு தாத்தா" என்று அவள் எழுதப் போனாள். சமமில்லை. எவர்சில்வரின் மின்தடை செம்பினுடையதைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு. தேய்ப்புப் பெட்டிக்குள் சிவந்து சூடேறும் நைக்ரோம் கம்பியினுடையதோ 60 மடங்குக்கும் மேல். கடத்துவதில் வெள்ளிக்கே முதலிடம், செம்பு அதை ஒட்டி இரண்டாமிடம். ஆனால் ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள செம்புக் கம்பியின் தடை ஓர் ஓமில் நூற்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. நம் சுற்றிலோ ஏற்கெனவே 330 ஓம் குந்தியிருக்கிறது. லாரியை நிறுத்தி எடை போடுகிற எடைமேடையில் குண்டுமணித் தங்கத்தையும் மஞ்சாடி தங்கத்தையும் வைத்து வித்தியாசம் கேட்டால் என்ன பதில் வரும்? விளக்கின்மேல் பிசகில்லை, நாம் கேட்ட கேள்விதான் அதன் சக்திக்கு மீறியது.

உலோகத்துக்கு ஏன் இந்த உதார குணம் என்று கேட்டாள். ஒவ்வோர் அணுவையும் சுற்றி எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. கண்ணாடி, பிளாஸ்டிக், ரப்பர் போன்றவற்றில் அந்த எலெக்ட்ரான்கள் அனைத்தும் பட்டா நிலம் போல, இன்னாருக்கு உரியது என்று கட்டுப்பட்டுக் கிடக்கின்றன. உலோகத்திலோ ஒவ்வோர் அணுவின் வெளிக்கட்டிலுள்ள ஒன்றிரண்டு எலெக்ட்ரான்கள் எவருக்கும் சொந்தமில்லாத புறம்போக்காகி, கட்டி முழுவதும் திரிகின்றன. செல் ஒரு பக்கம் தள்ளவும் மறுபக்கம் இழுக்கவும் செய்தவுடன் அந்தத் திரிகிற கூட்டம் ஒரு திசையாக நகர்கிறது. செம்புக்கும் கண்ணாடிக்கும் உள்ள தாரதம்மியத்தை எண்ணால் எழுதினால் ஏறத்தாழ 1க்குப் பின் 20 சுழிகள் போடவேண்டியிருக்கும். இயற்கையில் ஒரே குணத்தில் பொருளுக்குப் பொருள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு வேறு எதிலும் இருப்பதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் அன்றைய தினத்தின் ருசியான பகுதி, மின்விசிறிக்கு வைண்டிங் கட்டுகிற கடையிலிருந்து வாங்கி வந்த ஒரு முழம் செம்புக் கம்பியில் இருந்தது. புதுத் தம்பிடிக் காசு போலச் செக்கச் சிவந்து மின்னுகிற அந்தக் கம்பியின் இரண்டு நுனிகளிலும் கிளிப்பை மாட்டினோம், விளக்கு எரியவில்லை. கிளிப்பை மாற்றினோம், செல்லைத் தட்டிப் பார்த்தோம், அசையவில்லை. பிறகு நான் ஒரு பழைய பிளேடை எடுத்து இரண்டு நுனிகளிலும் அரை அங்குலம் சுரண்டினேன். பொன்னிறத் தோல் ஒன்று மெல்லிய தூளாக உதிர்ந்து, உள்ளே இன்னும் சற்று வெளுத்த செம்பு தெரிந்தது. கிளிப்பை மாட்டினவுடன் விளக்கு பளிச்சென்றது. வைண்டிங் கம்பியின்மேல் எனாமல் பூசாமல் விட்டிருந்தால், நூற்றுக்கணக்கான சுற்றுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, மின்விசிறி சுழலுவதற்குப் பதிலாகப் புகைந்திருக்கும். பிஸ்கட் பொட்டலத்தின் வெள்ளி போன்ற உட்புறமும் இதே வகை மாயமே: அங்கே அலுமினியம் உண்டு, ஆனால் பிளாஸ்டிக் படலத்தின் அடியில் முக்காடிட்டுக்கொண்டிருக்கிறது. துருப்பிடித்த ஆணியும் விளக்கை எரியவைக்க மறுத்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் சம்மதித்தது. "கடத்துபவை" என்ற பத்தியில் செம்பு என்று எழுதுவதற்கு முன் பேனாவைச் சற்று நிறுத்தவேண்டும் என்பதைக் குழந்தை அப்போதே கண்டுகொண்டாள்.

இரண்டாம் நாள் தண்ணீரிடம் வந்தோம். அங்கேதான் பத்திகள் இரண்டும் கலைந்தன. ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்களை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, ஒயர் நுனிகளை அவற்றின் காம்பில் மாட்டிவிட்டோம். இன்வெர்ட்டர் பேட்டரிக்காகக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றியபோது விளக்கு அணைந்தே இருந்தது. அறையை இருட்டாக்கிக் கண்ணை அருகில் கொண்டுபோனபோது, ஊசி முனையளவு ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குள் தர்க்கம் உண்டாயிற்று. நல்ல தண்ணீர்க் குழாய் நீரில் மங்கலாக எரிந்தது. எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், சோப்பு நுரைக்காத அந்தத் தண்ணீரில், கணிசமாகவே எரிந்தது. வடித்த நீரிலேயே இரண்டு விரலால் எடுத்த உப்பைத் தூவினோம். தூவின உப்பு அடியில் இறங்கிக் கரையக் கரைய, திரியைத் தூண்டிவிட்ட அகல் போல விளக்கு மெள்ள மெள்ள மேலேறி வந்த காட்சியைப் பேத்தி மூன்று முறை மறுபடி செய்யச் சொன்னாள்; எனக்கும் ஆட்சேபம் இல்லை.

உப்பு மட்டும் கடத்துகிறதா என்று பார்க்க, தட்டில் குவித்த உலர்ந்த தூள் உப்பில் ஸ்பூன்களைக் குத்தினோம். விளக்கில் அசைவே இல்லை. ஆக, சுத்த ஜலம் கடத்துவதில்லை, சுத்த உப்பும் கடத்துவதில்லை, இரண்டும் சேர்ந்தால் கடத்துகின்றன. சர்க்கரையைக் கரைத்தால் பலனில்லை. எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், மோர் ஆகியவை தத்தம் சக்திக்கேற்ப எரியவைத்தன. ரசம் பிரமாதமாகக் கடத்துகிறது. நல்லெண்ணெயும் நெய்யும் கல்லாகவே இருந்துவிட்டன. (பரிசோதித்த ரசத்தைக் கீழே கொட்டிவிட வேண்டும். உப்பு நீரிலும் நுனிகளை அரை நிமிஷத்துக்கு மேல் விட்டுவைக்காமல், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்வது உசிதம். மின்சாரம் உப்பைச் சிதைத்து, சிறிய அளவிலேனும், குளோரின் வாயுவை எழுப்பும்.)

இதன் காரணத்தைச் சொன்னவர் ஸ்வீடன் தேசத்து ஸ்வாந்தே அர்ரீனியஸ். உப்பு என்பது நேர்மின்னேற்றமுள்ள சோடியமும் எதிர்மின்னேற்றமுள்ள குளோரினும் கைகோத்து நிற்கும் கட்டுக்கோப்பு. உலர்ந்த நிலையில் அவை நின்ற இடத்தை விட்டு அசைய முடியாது. தண்ணீரில் விழுந்தவுடன் கை விடுபட்டு, அயனிகள் என்ற பெயரோடு தனித்தனியே அலைகின்றன. அப்போது எலெக்ட்ரான்களின் உத்தியோகத்தை அவை பார்க்கின்றன. சர்க்கரையும் கரைகிறதென்றாலும், மின்னேற்றமில்லாத முழு மூலக்கூறுகளாகவே கரைவதால், கூட்டம் கூடினாலும் சுமக்க ஆளில்லை. 1884ஆம் ஆண்டில் அர்ரீனியஸ் உப்ஸாலா சர்வகலாசாலையில் சமர்ப்பித்த ஆராய்ச்சி நூலில் இந்தச் சித்தாந்தத்தின் வித்து இருந்தது. பரீட்சகர்கள் அதற்கு மிகத் தாழ்ந்த தகுதியே வழங்கினார்கள். 1903ஆம் ஆண்டில் அதே ஆராய்ச்சியை முன்னிட்டு அவருக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசு வந்தது.

சுத்த நீருக்கும் கடல் நீருக்கும் உள்ள தூரத்தைக் கேட்டால் யாரும் திடுக்கிடுவார்கள். ஒரு சென்டிமீட்டர் நீள அகல உயரமுள்ள கனசதுரத்தில் எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே, மிகச் சுத்தமான நீரின் தடை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ஓம். அதே கனசதுரத்தில் கடல்நீர் இருந்தால் 20 ஓம் அளவே.

இந்த ஓர் உண்மை தெரியாத காரணத்தால் நம் ஊர்களில் எத்தனை பேர் மிரண்டிருக்கிறார்கள் என்பதற்கு நானே சாட்சி. சில வருஷங்களுக்கு முன், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் பிரதிநிதி ஒருவர், கழுத்தில் டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரிலும் தாம் கொண்டுவந்த தண்ணீரை ஒரு டம்ளரிலும் வைத்து, இரண்டிலும் இரும்புக் கம்பிகள் இறங்கும்படி ஒரு கருவியைப் பொருத்தி, பிளக்கைச் சொருகினார். சற்று நேரத்தில் எங்கள் தண்ணீர் பழுத்து, கலங்கி, தேர் போன தெருவின் குட்டைபோல ஆகிவிட்டது. அவர் தண்ணீர் ஸ்படிகமாக நின்றது. "இதைத்தான் சார் தினமும் குடிக்கிறீங்க" என்றார் மெதுவாக. வீட்டில் எல்லோர் முகமும் வெளுத்துவிட்டது. அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல. கம்பியின் இரும்பு, மின்சாரத்தால் கரைந்து துருவாகத் திரண்டது. எங்கள் தண்ணீரில் இயற்கையான உப்புகள் இருந்தமையால் மின்சாரம் ஓடியது, கம்பி கரைந்தது. அவருடைய தண்ணீரில் உப்புகள் நீக்கப்பட்டிருந்தமையால் அதிகம் ஓடவில்லை, கம்பியும் அதிகம் கரையவில்லை. நான் சமையற்கட்டுக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து, பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, அவருடைய ஸ்படிக ஜலத்தில் போட்டுவிட்டு, மறுபடி சொருகச் சொன்னேன். அதுவும் குட்டையாயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கம்பிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தபடி, "சார் எந்த டிபார்ட்மெண்ட்ல வேலை பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பையிலே இருந்த இன்னொரு சிறு கருவி, பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர், யோக்கியமான கருவிதான். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணைக் காட்டுகிறதேயொழிய, அது உப்பை எடை போடுவதில்லை. இரண்டு சிறு முனைகளுக்கிடையே தண்ணீர் எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. எங்கள் ஸ்பூன்களும் சிவப்பு விளக்கும் செய்ததைத்தான் அதுவும் செய்கிறது. கிருமி உண்டா இல்லையா என்று அதனிடம் கேட்பதில் பிரயோஜனமில்லை.

இங்கே என் பள்ளிப் பிராயத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. எங்கள் விஞ்ஞான வாத்தியார், இதே உப்புத் தண்ணீர்ப் பரிசோதனையை இரண்டு டார்ச் செல்லையும் ஒரு டார்ச் பல்பையும் வைத்துச் செய்து காட்டினார். பல்பு எரியவில்லை. உப்பை அள்ளி அள்ளிப் போட்டார், பிறகும் எரியவில்லை. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எரிந்ததாக வைத்துக்கொண்டு எழுதுங்கள்" என்றார். நாங்களும் அவ்விதமே எழுதி மதிப்பெண் வாங்கினோம். டார்ச் பல்பின் இழை வெண்மையாகக் கனல 300 மில்லி ஆம்பியர் அளவு வேண்டும். உப்பு நீர் வழியாக அன்று போனது அதில் ஒரு சிறு பங்கு. பல்புக்கு அது கொசுக்கடி. எல்.ஈ.டி.யோ ஒரு மில்லி ஆம்பியரின் பின்னத்துக்கே கண்ணில் படும்படி ஒளிர்கிறது. வாத்தியார் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அவர் நிறுத்திய சாட்சிக்குத்தான் காது மந்தம்.

எல்.ஈ.டி.யும் மீட்டரும் இல்லாத காலத்தில் இன்னும் விசித்திரமான ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றியவர் இங்கிலாந்தின் ஹென்றி காவெண்டிஷ். மின்சாரத்தைச் சேமித்த கண்ணாடி ஜாடிகளிலிருந்து, வெவ்வேறு நீர் நிரப்பிய குழாய்களின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, அதைத் தம் சரீரத்திலேயே வாங்கி, எந்த அதிர்ச்சி பலமானது, எது சாதாரணமானது என்று ஒப்பிட்டு எழுதிவைத்தார். 1776ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், மழைநீரை அல்லது வடித்த நீரைக் காட்டிலும் இரும்புக் கம்பி 40 கோடி மடங்கு நன்றாகவும், கடல்நீர் மழைநீரைக் காட்டிலும் 100 மடங்கு நன்றாகவும் கடத்துவதாகக் கண்டிருக்கிறது. கையும் முழங்கையும் கருவியாக வைத்துக் கண்ட கணக்கு இது. ஆனால் அவருடைய மின்சாரக் குறிப்புகளில் பெரும்பாகம் அச்சேறாமல் கிடந்து, அவர் காலமாகி 69 வருஷம் சென்ற பின், 1879ஆம் ஆண்டில், ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லின் முயற்சியால்தான் வெளிவந்தது. நடுவே, 1827ஆம் ஆண்டில், ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனான கியார்க் ஓம், அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் தடைக்கும் உள்ள சம்பந்தத்தை வரையறுத்து நூலாக்கி, தடையின் அலகுக்கே தம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுக்களையிலிருந்த வாழைத்தண்டில் பேத்தி இரண்டு ஆணிகளைக் குத்தி விளக்கை எரியவைத்துக்கொண்டிருந்தபோது, கடைகளில் நாம் பச்சை வாழைப்பழம் என்று வாங்கும் காவெண்டிஷ் ரகத்துக்குப் பெயர் தந்த பிரபுவும் அந்த ஹென்றியின் வம்சத்தாரே என்று சொன்னேன். அவள் அதைத்தான் முதலில் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கரி. பென்சிலை இரு பக்கமும் சீவிக் கிளிப்பை மாட்டினால் விளக்கு உலோகத்தில் எரிவதுபோலவே எரிகிறது. காகிதத்தில் அதே பென்சிலால், 2பி அல்லது அதற்கும் மெதுவானது கிடைத்தால் நல்லது, பட்டையாக அழுத்தித் தீட்டி ஒரு கோடு போட்டு, ஒரு நுனியை ஓரிடத்தில் அமர்த்தி மற்றொன்றைக் கோட்டின்மேல் நகர்த்திக்கொண்டு போனால், கிட்டத்தில் பிரகாசமாகவும் தூரத்தில் மங்கலாகவும் விளக்கு ஏறி இறங்குகிறது. நீளம் கூடினால் தடை கூடும் என்று புத்தகம் சொல்வதை விரலால் தடவிப் பார்ப்பதற்கு இதைவிட வேறு மார்க்கம் எனக்குத் தெரியாது. ரேடியோப் பெட்டியில் சப்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகுகிற குமிழுக்குள்ளும் இப்படி ஒரு கரிப் பாதைதான் வளைந்து கிடக்கிறது. பென்சிலின் உள்ளே இருப்பது ஈயமல்ல, களிமண்ணோடு குழைத்துச் சுட்ட கிராஃபைட். கரியின் ஒரு வடிவம். அதே கரியின் மற்றொரு வடிவமான வைரம் கடத்தாது. அதைச் சோதிக்க எங்கள் வீட்டில் வசதியில்லை. அடுப்புக்கரித் துண்டுகளில், நல்ல சூட்டில் வெந்து, தட்டினால் கணீரென்று ஒலித்தவை விளக்கை எரியவைத்தன. அரைகுறையாக வெந்து மங்கலாகச் சத்தம் எழுப்பியவை எரியவைக்கவில்லை. கரி என்று ஒரே பெயரைச் சொல்லி எந்தப் பத்தியில் எழுதுவது?

நான்காம் நாள், குழந்தை தன்னையே சோதித்துக்கொள்ள விரும்பினாள். செல்லின் 6 வோல்ட் என்பதால் சம்மதித்தேன். உலர்ந்த விரல்களால் இரு நுனிகளையும் பிடித்தாள், எதுவும் இல்லை. விரல்களை உப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பிடித்தாள். இருட்டறையில் மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், விளக்கு எரிந்தது. உலர்ந்த தோல் வழியாக மனித சரீரத்தின் தடை ஏறத்தாழ 1,00,000 ஓம் இருக்கலாம். தோல் நனைந்தால் அது 1,000 ஓம் அளவுக்குக்கூட இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். மனிதனைக் கொல்ல அதில் ஒரு பங்கு போதும். ஆகையால்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்த மாத்திரத்தில் இணைப்பை அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனத்தை மெயின் பலகையில் வைக்கிறார்கள். உலர்ந்த கையென்றால் அபாயமில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது, உயர்ந்த அழுத்தத்தின் முன் தோலின் தடை நிலைத்து நிற்பதில்லை. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்று வீட்டுக்கு வீடு சொல்வதன் முழுக் கணக்கும் இந்த இரண்டு எண்களுக்கிடையே இருக்கிறது.

இவ்வளவும் ஆன பிறகே கொல்லைக் குழி எனக்கு அர்த்தமாயிற்று. கிரைண்டரிலோ நீர்மூழ்கி மோட்டாரிலோ உள்ளே கம்பியின் உறை கிழிந்து, வெளிக்கூட்டில் மின்சாரம் ஏறிவிட்டால், தொடுகிறவன் உடம்பைவிடச் சுலபமான பாதை ஒன்று அதற்குப் பூமிக்குள் இருக்கவேண்டும். அந்தப் பாதை தாராளமாக இருந்தால்தான் ஓட்டம் மிகுந்து பியூஸ் போகும். ஆனால் உலர்ந்த மண் நல்ல கடத்தியல்ல. பூந்தொட்டி மண்ணைக் காயவைத்துச் சோதித்தோம், விளக்கு எரியவில்லை. தண்ணீர் தெளித்தோம், எரிந்தது. உப்புத் தண்ணீர் தெளித்தோம், நன்றாக எரிந்தது. கரி தானும் ஓரளவு கடத்துவதோடு, ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பு அந்த ஈரத்துக்குச் சுமைகூலிகளை, அதாவது அயனிகளை, அனுப்பிக்கொடுக்கிறது. சித்திரை வெயிலில் ஈரம் வற்றினால் கரியும் உப்பும் கூடிப் பயனில்லையாகையால் வாளித் தண்ணீர். மழைக்கு மழை உப்பு கரைந்து கீழே போய்விடுவதாலும் குழாயை அரிப்பதாலும் இப்போது இந்த முறையைக் குறைத்து, பெண்டோனைட் களிமண் முதலியவற்றை நிரப்புகிறார்கள். என் தகப்பனார் ஊற்றிய தண்ணீர், "பூமிக்கு" என்று அவர் சொன்ன ஒரே சொல்லில் அடங்கித்தான் இருந்திருக்கிறது. நான்தான் பிரித்துக் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள், துணிமணிகள். நூல், பருத்தி, பட்டு எதுவும் உலர்ந்த நிலையில் விளக்கை எரியவைக்காது. ஆனால் மின்சாரம் சில பொருள் வழியே செல்லும், சிலவற்றின் வழியே செல்லாது என்ற பேதத்தை மனிதன் முதன்முதலில் அறிந்துகொண்டது, விந்தையாக, ஒரு சணல் நூலையும் ஒரு பட்டு நூலையும் வைத்துத்தான். ஸ்டீபன் கிரே என்ற சாயத்தொழிலாளி, கான்டர்பரியில் பிறந்தவர், 1729ஆம் ஆண்டு ஜூலை மாதம் கென்ட் சீமையில் ஒட்டர்டன் என்ற இடத்திலிருந்த தம் நண்பர் கிரான்வில் வீலரின் மாளிகைக்குப் போயிருந்தபோது, தேய்த்து மின்னேற்றிய கண்ணாடிக் குழலின் மின்சாரத்தை நீண்ட சணல் நூலின் வழியே அனுப்பி, மறுமுனையில் தொங்கும் தந்தப் பந்து பித்தளை ரேக்குத் துணுக்குகளை இழுக்கிறதா என்று பார்த்தார்கள். நூலைத் தாங்க மெல்லிய பட்டு இழைகளைக் கட்டியபோது, 80 அடிக்கு மேற்பட்ட தூரத்துக்கும் மின்சாரம் போயிற்று. பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. பட்டு மெல்லியதாக இருந்ததால்தான் அதன் வழியே மின்சாரம் கசியவில்லை என்று எண்ணி, அதே போல மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்கட்டும் என்று பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் மறுமுனையில் ஒரு துணுக்கும் அசையவில்லை. மின்சாரம் முழுவதும் பித்தளை வழியாக மேலேறி வீட்டுக்குள் போய்விட்டது. இழையின் பருமனில் ஒன்றுமில்லை, பொருளின் சுபாவத்தில்தான் இருக்கிறது என்று அவர்களுக்கு விளங்கியது அந்தத் தோல்வியிலிருந்துதான். இதிலே இன்னொரு நயமும் உண்டு: கிரேயின் சணல் நூல் அவருக்குக் கடத்தி, எங்கள் 6 வோல்ட்டுக்கோ அதே நூல் கடத்தாப் பொருள். தேய்த்த கண்ணாடியின் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். காற்றின் ஈரத்தால் நூலில் ஒட்டியிருந்த அற்பப் பதமே அதற்குப் போதுமாயிருந்தது.

கிரேயின் பட்டும் உலோகமும் ஒரே துணியில் நெய்யப்பட்டு எங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கின்றன என்று சொல்லி, என் தமக்கையின் கல்யாணப் புடவையை வாங்கினேன். பட்டு உடலில் கிளிப்பை வைத்தால் விளக்கு எரியவில்லை. முந்தானை ஜரிகையில், ஒரே இழையின்மேல் நாலு விரற்கடை விட்டு இரு நுனிகளையும் வைத்தவுடன் சுடர்விட்டது. காஞ்சிபுரத்துப் பழைய ஜரிகை என்பது பட்டிழையைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பியை முறுக்கி, அதற்குப் பொன்முலாம் பூசியது. கிழவியின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து, தன் பேத்தியின் காதணி விழாவுக்கென்று கடைக்காரர் அசல் ஜரிகை என்று சொல்லிக் கொடுத்த புடவையை எடுத்து வந்து, "இதையும் தொட்டுப் பாருடா" என்றாள். அதில் விளக்கு எரியவில்லை. இழையின்மேல் அரக்கோ பிளாஸ்டிக்கோ பூசியிருந்தாலும் எரியாது, எரிந்தாலும் வெள்ளி என்று அர்த்தமில்லை, செம்புக் கம்பி ஜரிகையிலும் எரியும், ஆகையால் இந்தப் பரிசோதனையை வைத்துத் தரத்தைத் தீர்மானிக்க முடியாது என்று நான் எவ்வளவோ விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். அவள் புடவையை மடித்துக்கொண்டே, "அந்த விளக்கை எடுத்துக்கிட்டு என்னோட கடைக்கு வா" என்றாள்.